ஒரே மேஜை, இரண்டு கவனிப்பு

உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் படும். "செட்டிநாடு உணவகம்". சிங்கப்பூரில் இருக்கும், துபாயில் இருக்கும், லண்டனில் இருக்கும். சென்னையில் 1964இல் தொடங்கிய அஞ்சப்பர் இன்று பல நாடுகளில் கிளை விரித்திருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரே ஒரு பரோட்டாக் கல்லோடு நிற்கிற கடைகூட, பலகையில் அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டால் நாலு கார் நிற்கும்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அசல் செட்டிநாட்டுக் கிராமத்துக்குள் போய் ராத்திரி எட்டு மணிக்குப் பசிக்கிறது என்று நின்று பாருங்கள். சுலபத்தில் எதுவும் கிடைக்காது! அரண்மனை மாதிரி வீடுகள் வரிசையாக இருக்கும். பாதி வீடுகள் பூட்டியிருக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோவையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். கல்யாணம், சாந்தி, கோயில் விசேஷம் என்றால்தான் கதவு திறக்கும், அடுப்பு எரியும். மற்ற நாட்களில் சாப்பாட்டுக்குக் காரைக்குடிக்கு வண்டியை விட வேண்டும். அல்லது ஹோட்டலாக மாற்றப்பட்ட பழைய வீடுகளைத் தேட வேண்டும். காரைக்குடியில் 'பங்களா' 1999இல் இப்படித் தொடங்கியதுதான். அதன் சமையலை வைத்து 2014இல் ஒரு தடிமனான சமையல் புத்தகமே வந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பிறகு பலரும் தங்கள் ஊர்களில் சின்னதும் பெரியதுமாகத் தொடங்கினார்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கவனிப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டைல்ஸ் வாங்கப் போனவர்கள்

மதுரையைச் சேர்ந்த ஒரு கணவன் மனைவி. கல்யாணமாகி இருபத்தாறு வருடம். இத்தனை வருடமும் வாடகை வீடு. இப்போதுதான் ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு வீடு கட்டுகிறார்கள். கூடத்துக்கு மட்டுமாவது ஆத்தங்குடிக் கல் போட வேண்டும் என்பது மனைவியின் ஆசை. அதற்காக ஒரு சனிக்கிழமை கிளம்பி ஆத்தங்குடிக்குப் போனார்கள்.

ஆத்தங்குடியில் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பெரிய மெஷின் எதுவும் கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைக்கிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெதுவாகத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் கலந்து போட்டு மட்டம் செய்கிறார்கள். பிறகு காய வைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து, மறுபடி காய வைக்கிறார்கள். சூளை கிடையாது, சுடுவது கிடையாது. கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது. வீட்டில் போட்டபின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, நடக்க நடக்கப் பளபளப்பு கூடும் என்கிறார்கள்.

கையால் ஊற்றுவதால் ஒரு கல்லைப் போல இன்னொரு கல் இருக்காது. ஒரு பூவின் இதழ் கொஞ்சம் தடித்திருக்கும். இன்னொன்றில் நிறம் லேசாகக் கசிந்திருக்கும். அதுதான் அழகு என்று சொல்லித்தான் விற்கிறார்கள், அதற்காகத்தான் வாங்கவும் செய்கிறார்கள்.

இருவரும் கல்லைத் தேர்ந்தெடுத்து, லெட்சுமி ஹவுஸ் என்கிற பெரிய வீட்டையும் சுற்றிப் பார்த்து, அக்கம்பக்கத்து ஊர்களில் கோயில் குளமும் பார்த்து முடிக்கும்போது இருட்டிவிட்டது. போகிற வழியில் ஒரு பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். பெயர் வேண்டாம். வாசலில் விளக்கு, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி மேஜைகள். பார்க்க ரொம்ப நன்றாக இருந்தது. மனைவி காலையிலிருந்து நண்டு மசாலாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

மேடத்துக்கு என்ன சார்?

ஏழே முக்காலுக்கு உட்கார்ந்தார்கள். சர்வர் வந்தார். மெனு அட்டை ஒன்றுதான் கொண்டு வந்தார், அதைக் கணவரிடம் கொடுத்தார். அவர் பரோட்டாவும் கோழிச் சுக்காவும் சொன்னார். சர்வர் எழுதிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்க்காமலேயே, "மேடத்துக்கு என்ன சார்?" என்று கேட்டார்.

"எனக்கு இடியாப்பம், நண்டு மசாலா" என்று மனைவியே சொன்னார். சர்வர் அதையும் கணவரைப் பார்த்தபடியே எழுதிக்கொண்டார்.

முற்றத்தின் அந்தப் பக்கம் ஒரு சுற்றுலாக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. இருபது பேருக்குக் குறையாது. நீளமாக மேஜைகளைச் சேர்த்துப் போட்டு வாழை இலை விரித்திருந்தார்கள். வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி, கோலா உருண்டை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அந்த வரிசையிலேயே முன்னும் பின்னும் நடந்து, "இன்னொரு பணியாரம் வைக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டேகாலுக்குக் கணவருக்குப் பரோட்டா வந்தது. ஆவி பறக்கச் சுக்காவும் வந்தது. கல்பாசி வாசனை மேஜை முழுக்க அடித்தது. மனைவியின் முன்னால் தண்ணீர் டம்ளர் மட்டும்.

"தம்பி, இவங்களுக்கு?"

"வந்துக்கிட்டே இருக்கு சார்."

"நீங்க சாப்பிடுங்க, ஆறிப் போயிரும்" என்றார் மனைவி.

அவரும் சாப்பிட ஆரம்பித்தார். நல்ல பசி. முதல் பரோட்டா முடிந்தது. சுக்காவில் ஒரு துண்டை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "எனக்கு வரட்டும், நீங்க சாப்பிடுங்க" என்று மறுபடி சொன்னார். இரண்டாவது பரோட்டாவும் முடிந்தது. அவர் தட்டு காலியானபோது மணி எட்டரை தாண்டியிருந்தது. மனைவி அப்போதும் தண்ணீர் டம்ளரோடுதான் இருந்தார்.

மேஜை துடைக்கிற பையன் ஒருவன் அந்தப் பக்கம் வந்தான். இருபது வயது இருக்கும். வடக்கே ஏதோ மாநிலத்திலிருந்து வந்தவன் என்பது பேச்சில் தெரிந்தது. கணவரின் தட்டை எடுக்கக் குனிந்தவன், எதிர்ப்பக்கம் தட்டே இல்லாததைப் பார்த்து நின்றான்.

"அக்கா... உங்களுக்கு வரல?"

மனைவி தலையசைத்தார். அவன் தட்டை எடுக்காமல் நேராக உள்ளே போனான். ஐந்து நிமிடத்தில் அவனே இடியாப்பத்தைக் கொண்டு வந்தான். பின்னாலேயே சர்வர் மசாலாக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். அது நண்டு இல்லை, முட்டை மசாலா. நண்டு தீர்ந்து போய்விட்டதாம். எப்போது தீர்ந்தது என்று கேட்டதற்கு, "கொஞ்சம் முன்னாடிதான் சார்" என்றார். (அந்தக் 'கொஞ்சம் முன்னாடி' எதிர் வரிசையில் இருபது இலைகளில் இருந்தது!)

கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று சத்தம் போட்டார். முற்றத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சர்வர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான், "உக்காருங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று உட்கார வைத்தார். உட்கார்ந்த பிறகு மெதுவாக ஒன்று கேட்டார்.

"வீட்ல தெனமும் இப்படித்தானே நடக்குது. இன்னைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோவம்?"

அவர் சொன்னதில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் கணவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மனைவி முட்டை மசாலாவைத் தொட்டு இடியாப்பத்தைச் சாப்பிட ஆரம்பித்தார். இந்த முறை கணவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யார் மேல் தப்பு?

இந்த மாதிரி அனுபவம் இல்லாதவர்கள் குறைவு. ஒருவருக்கு வந்துவிடும், இன்னொருவருக்கு வராது. சர்வரைத் திட்டுவது சுலபம். ஆனால் இது ஏன் நடக்கிறது என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

ஹோட்டல் சமையலறையில் ஒரே அடுப்பு இல்லை. பரோட்டாவுக்கு ஒரு மாஸ்டர், தோசைக் கல்லுக்கு ஒருவர், கறி வகைகளுக்கு இன்னொருவர். மேஜையில் எழுதிய சீட்டு உள்ளே போனதும் பிரிந்துவிடுகிறது. பரோட்டா மாவு காலையிலேயே பிசைந்து உருட்டித் தயாராக இருக்கும், தட்டிப் போட்டால் ஐந்து நிமிடம். இடியாப்பம் அப்படி இல்லை. பிழிய வேண்டும், வேக வைக்க வேண்டும். அவரவர் வேலையை அவரவர் முடித்து முன்னால் வைத்துவிடுவார்கள். 'இந்த இரண்டும் ஒரே மேஜைக்கு, ஒன்றாகப் போகட்டும்' என்று சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டும். பெரிய ஹோட்டல்களில் அதற்கென்றே ஒருவர் நிற்பார். சின்ன இடங்களில் அந்த வேலை சர்வரின் ஞாபகசக்தியை நம்பி இருக்கிறது. அவருக்கும் ஆறு மேஜை.

இன்னொன்று, செட்டிநாட்டு வீட்டுச் சமையல் அடிப்படையில் தலை எண்ணிச் செய்கிற சமையல். இத்தனை இலை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், அதற்கு அரைப்பார்கள், அதற்கு வாங்குவார்கள். அதே முறையை ஹோட்டலிலும் வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டு வந்தவர்களையும் சொல்லாமல் வந்தவர்களையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்தால் சொல்லாமல் வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். இடமில்லை, ஒரு மணி நேரம் ஆகும் என்று வாசலிலேயே சொல்லியிருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்காது.

கையில் பாத்திரம் இல்லாத ஒருவர்

ஹோட்டல்கள் வருவதற்கு முன்பே நம் ஊரில் நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அதற்கென்றே நீளமான கூடங்கள் இருக்கின்றன. அந்தப் பந்தியை யோசித்துப் பாருங்கள். ஒருவர் கூட்டு வாளியோடு போவார், ஒருவர் பொரியலோடு, ஒருவர் சோற்றோடு, ஒருவர் குழம்போடு. வரிசையாகப் போவதால் யார் இலையும் தப்பாது. தப்பினாலும் பக்கத்து இலைக்காரர், "இங்க வைக்கல பாருங்க" என்று கூப்பிட்டுவிடுவார்.

இவர்களோடு இன்னொருவரும் நடப்பார். அவர் கையில் வாளியும் இருக்காது, கரண்டியும் இருக்காது. அவர் வேலை பார்ப்பது மட்டும்தான். எந்த இலையில் என்ன தீர்ந்திருக்கிறது, யார் கேட்கக் கூச்சப்படுகிறார், எந்தக் குழந்தைக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை. இதற்குப் பந்தி விசாரிப்பது என்று பெயர். வீட்டில் பெரியவர் ஒருவர்தான் இதைச் செய்வார். பந்தியில் சாப்பாடு சுமாராக இருந்தாலும் ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். விசாரிப்பு சரியில்லை என்றால் பத்து வருடம் பேசுவார்கள்.

அன்று அந்த ஹோட்டலில் விசாரிப்பு இல்லாமல் இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் நன்றாகத்தான் விசாரித்தார், இருபது பேர் கூட்டத்தை மட்டும். இந்த மேஜையை விசாரித்தது, சம்பளப் பட்டியலில் கடைசியில் இருக்கும் பையன். அவனுக்குத் தமிழ் சரியாக வராது. ஆனால் காலியான இடத்தைப் பார்க்கத் தெரிந்திருந்தது. கையால் ஊற்றிய கல்லில் ஏற்றத்தாழ்வு இருந்தால் அழகு. இலையில் இருந்தால் அது வேறு.

நகரத்தார் வழக்கத்தில் 'புள்ளி' என்று ஒரு கணக்கு இருக்கிறது. கல்யாணமான கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி. கோயிலுக்குப் புள்ளி வரி கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான். வரிக்கு அது சரி. ஆனால் பல இடங்களில் சாப்பாட்டு மேஜையிலும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். இரண்டு பேரை ஒரு புள்ளியாக எண்ணி, அதில் ஒருவருக்கு வந்துவிட்டால் அந்த மேஜைக்கே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். மெனு அட்டை ஒருவரிடம், கேள்வி ஒருவரிடம், பில்லும் ஒருவரிடம். வயிறு மட்டும் இரண்டு!

இது ஹோட்டல்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. வீட்டிலிருந்து போனதுதான். பல விசேஷங்களில் முதல் பந்தி ஆண்களுக்கும் வெளியூர் விருந்தாளிகளுக்கும்தான். சமைத்த பெண்கள் கடைசிப் பந்தி, சில சமயம் பந்தியே இல்லை, அடுக்களைத் தரையில் மிச்சம் மீதி. 2011-12இல் நாடு முழுவதும் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், வீட்டில் ஆண்கள் முதலில் சாப்பிடுகிறார்களா, பெண்கள் முதலிலா, எல்லோரும் சேர்ந்தா என்று ஒரு கேள்வியே வைத்தார்கள். ஒரு வீட்டில் யாருக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்ள, சாப்பிடுகிற வரிசையைக் கேட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

பில் வந்தது

பில்லில் சாப்பாட்டுக்கான தொகை, 5 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 10 சதவீதம் 'சேவைக் கட்டணம்'. சேவை நடந்த லட்சணத்துக்குக் கட்டணம் வேறு!

இந்த இடத்தில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. அரசாங்க வரி, கொடுத்தே ஆக வேண்டும். சேவைக் கட்டணம் வரி இல்லை, ஹோட்டல் தானாகப் போடுவது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. எந்த ஹோட்டலும் பில்லில் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் சேர்க்கக் கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் சாப்பிட்டவர் விருப்பம் என்று அதில் இருக்கிறது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஹோட்டல்காரர் எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யலாம்.

கணவருக்கு இது தெரிந்திருந்தது. கல்லாவில் போய்க் கேட்டார், இந்த முறை சத்தம் போடாமல். கல்லாவில் இருந்தவர் எதுவும் பேசாமல் அந்தத் தொகையை எடுத்துவிட்டு வேறு பில் போட்டுக் கொடுத்தார். நண்டு இல்லாததற்கு மன்னிப்பும் கேட்டார்.

கிளம்பும்போது மனைவி தன் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து, மேஜை துடைத்த பையனைத் தேடிப் போய்க் கொடுத்தார். அவன் முதலில் வாங்க மாட்டேன் என்றான். பிறகு வாங்கிக்கொண்டு சிரித்தான். சேவைக் கட்டணமாகப் பில்லில் போயிருந்தால் அவன் கைக்கு எவ்வளவு வந்திருக்கும், வந்திருக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

கடைசித் தோசை

இதைப் படிக்கிறவர்கள் அடுத்த முறை ஹோட்டலுக்குப் போனால் சில சின்ன விஷயங்களைச் செய்து பார்க்கலாம். ஆர்டர் சொல்லும்போதே "ரெண்டும் சேர்த்துக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் வந்தால், இன்னொன்று எப்போது வரும் என்று உடனே கேளுங்கள், அரை மணி நேரம் கழித்துக் கத்த வேண்டாம். குறை இருந்தால் சர்வரிடம் சண்டை போடாமல் பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லுங்கள். நன்றாகக் கவனித்தவர் யார் என்று பார்த்து அவர் கையிலேயே கொடுங்கள்.

வீட்டு விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. அந்தத் தம்பதி மதுரைக்குத் திரும்பிய மறுநாள் இரவு தோசை. கணவர் நல்ல எண்ணத்தோடு, "நீயும் வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்றார். மனைவி சிரித்துவிட்டார். தோசைக்கல் ஒன்றுதான். கல்லுக்கு முன்னால் ஒருவர் நின்றால்தான் மேஜையில் ஒருவர் சூடாகச் சாப்பிட முடியும். அன்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கல்லின் முன்னால் நிற்கிறவருக்குக் கடைசித் தோசைதான். ஹோட்டல் சமையலறையில் இருக்கும் அதே சிக்கல்!

இரண்டு நாள் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு நாள், எல்லாத் தோசையையும் ஊற்றி ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டு இருவரும் சேர்ந்து உட்காருவது. தோசை கொஞ்சம் தொய்ந்து போயிருக்கும், பரவாயில்லை. இன்னொரு நாள், மொறுமொறுவென்று வேண்டும் என்றால், மனைவி முதலில் உட்கார்ந்து சாப்பிடுவது, கணவர் கல்லுக்கு முன்னால் நிற்பது. அவர் ஊற்றிய முதல் மூன்று தோசை பிய்ந்து போனது. நாலாவது வட்டமாக வரவில்லை, ஆனால் தட்டுக்கு முழுசாக வந்தது. "கல்லு சூடு பத்தல, கொஞ்சம் பொறுங்க" என்று மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்தார்.

புது வீட்டின் வேலை இன்னும் முடியவில்லை. ஆத்தங்குடிக் கல் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருக்கிறது. அடுப்படிக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் கொத்தனார் எழுப்ப இருந்த சுவரை மட்டும் வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் கடைசித் தோசை யாருக்கு?